எபிசோட் 47: குரங்கைப் பார்க்க எதுக்கும்மா கடல் தாண்டிப் போகணும்?

(எபிசோட்டின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கி ஒழுங்குபடுத்தியிருக்கிறோம். பேச்சு நடையை முடிந்தவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஒரு மெயில்ல இருந்து ஆரம்பிக்குது. எழுதினவங்க பேரைச் சொல்ல வேண்டாம்னு கேட்டிருக்காங்க. அப்படியே படிக்கிறேன்.

"அண்ணா, நான் கோயம்புத்தூர்ல பி.எஸ்சி. சைக்காலஜி முடிச்சிருக்கேங்க. இங்கிலாந்துல பரிணாம உளவியலும் விலங்கு நடத்தையும் சேர்ந்த ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்கு சீட் கிடைச்சிருக்குங்க. அப்பா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வைக்கவும் தயாரா இருக்காரு. ஆனா தினமும் ராத்திரி சாப்பிடும்போது ஒரே கேள்வியைக் கேக்குறாரு. 'குரங்கைப் பார்க்க எதுக்கும்மா கடல் தாண்டிப் போகணும்? மருதமலையில இல்லாத குரங்கா?' எனக்கு பதில் சொல்லத் தெரியலைங்க. டெபாசிட் கட்ட இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

முதல்ல சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுபோச்சு. ஏன்னா இதே மாதிரி ஒரு படிப்பை வெளிநாட்டுல படிச்சவன் நான். இன்னைக்கு சென்னையில ஒரு ஆப் கம்பெனியில, மக்கள் எந்த பட்டனை ஏன் அமுக்குறாங்கன்னு பார்க்குற வேலையில இருக்கேன். படிப்புக்கடனை அடைக்க 6 வருஷம் ஆச்சு. அதனால இந்த விஷயத்துல நான் முழு நடுநிலையா பேசுவேன்னு எதிர்பார்க்காதீங்க. அப்பாவோட கேள்வி கிண்டல் மாதிரி இருந்தாலும், அதுக்குள்ள ரெண்டு நியாயமான கேள்வி இருக்கு. இந்தப் படிப்புல என்னதான் சொல்லித் தர்றாங்க? அதைக் கத்துக்க அவ்வளவு தூரம் போகணுமா? ரெண்டையும் பார்ப்போம்.

ஒரு போர்டு, ரெண்டு கடை

முதல்ல ஒண்ணு தெளிவாகணும். பரிணாம உளவியலும் விலங்கு நடத்தையியலும் ஒரே படிப்பு இல்ல. பல பல்கலைக்கழகங்கள் ரெண்டையும் ஒரே போர்டுக்குக் கீழ வைக்குது. அண்ணன் தம்பி மாதிரிதான், ஆனா குணம் வேற.

விலங்கு நடத்தையியல்தான் மூத்தது. 1973-ல் கார்ல் ஃபான் ஃபிரிஷ், கான்ராட் லோரன்ஸ், நிகோ டின்பெர்கன் மூணு பேருக்கும் சேர்த்து மருத்துவ நோபல் கொடுத்தாங்க. தேனீ, வாத்து, மீன், கடற்பறவைன்னு பார்த்துக்கிட்டு இருந்தவங்களுக்கு நோபல் பரிசு! இதுல டின்பெர்கன் 1963-ல் எழுதின ஒரு கட்டுரைதான் இன்னைக்கும் இந்தத் துறைக்கு அரிச்சுவடி. ஒரு உயிர் ஏன் இப்படி நடந்துக்குதுன்னு கேட்டா, அந்த 'ஏன்'ல நாலு கேள்வி ஒளிஞ்சிருக்குன்னாரு.

உதாரணத்துக்கு நம்ம தெருநாயையே எடுத்துக்குவோம். நீங்க விரலை நீட்டி ஒரு பக்கம் காட்டினா நாய் அந்தப் பக்கம் போகுது. ஏன்? ஒண்ணு, உடம்புக்குள்ள அந்த நேரத்துல என்ன நடக்குது, கண் எதைப் பார்க்குது, மூளை என்ன கணக்குப் போடுது. ரெண்டு, இந்தத் திறமை குட்டியிலேயே இருக்கா, வளர வளர வந்ததா. மூணு, இதனால நாய்க்கு என்ன லாபம், பிழைக்கவும் குட்டி போடவும் எப்படி உதவுது. நாலு, இது எங்கிருந்து வந்தது, ஓநாய்ல இருந்து பிரிஞ்சு மனுஷனோட வாழ்ந்த வரலாற்றுல எப்போ ஒட்டிக்கிச்சு. நாலுக்கும் நாலு வேற பதில். நாலும் ஒரே நேரத்துல சரியா இருக்கலாம். டீக்கடையில பாதி சண்டை வர்றதே ஒருத்தர் மூணாவது கேள்விக்கு பதில் சொல்ல, இன்னொருத்தர் ரெண்டாவது கேள்விக்கு பதில் சொல்லிக்கிட்டு இருக்குறதாலதான்.

தெருநாயை நான் சும்மா எடுக்கலை. கொல்கத்தா ஐசர்ல அனிந்திதா பத்ராவோட குழு பல வருஷமா தெருநாய்களைத்தான் ஆராயுது. ஆய்வுக்கூடத்துல வளர்த்த நாய் இல்ல, குப்பைத்தொட்டி பக்கத்துல படுத்திருக்குற அசல் தெருநாய். 2017-ல் அவங்க வெளியிட்ட ஒரு ஆய்வுல, மனுஷன் கை காட்டின பக்கம் சின்னக் குட்டிங்க உடனே நம்பிப் போகுது. கொஞ்சம் வளர்ந்த இளசுங்க நம்புறதில்ல. முழுசா வளர்ந்த நாய் ஆளைப் பார்த்து முடிவு பண்ணுது. ஒருதடவை தப்பான பக்கம் காட்டி ஏமாத்தினவனை அடுத்த தடவை நம்புறது குறையுது. குட்டியா இருக்கும்போது எல்லாரையும் நம்பு, டீன் ஏஜ்ல யாரையும் நம்பாதே, பெரியவனானா ஆள் பார்த்து நம்பு. இது நாய் கதையா, நம்ம கதையான்னு தோணுதுல்ல? அந்தத் தோணல் இருக்கே, அதுதான் ஆபத்து. பின்னாடி அதுக்கு வர்றேன்.

அதே குழு 2016-ல் போட்ட இன்னொரு ஆய்வு மனசைப் பிசையும். 95 ஈத்துல பிறந்த 364 குட்டிங்களைத் தொடர்ந்து கவனிச்சாங்க. இனப்பெருக்க வயசு வரைக்கும் பிழைச்சது 19 சதவீதம்தான். செத்ததுல 63 சதவீதத்துக்கு ஏதோ ஒரு வகையில மனுஷங்க காரணம். தெருநாய் பிரச்சினைக்கு என்ன செய்யலாம்னு நாடே கத்திக்கிட்டு இருக்கு. அதுல நீங்க எந்தப் பக்கமா வேணும்னாலும் இருங்க, ஆனா இந்த மாதிரி எண்ணிக்கை இல்லாம பேசுறது வெறும் சத்தம்தான். ஒருத்தர் தெருத்தெருவா நடந்து குட்டிகளை எண்ணினதாலதான் இந்த எண்ணிக்கையே நமக்குத் தெரியுது. அப்பாகிட்ட சொல்ல இது முதல் பதில்.

இப்போ தம்பி கதை

பரிணாம உளவியல் மனுஷனைப் பத்தினது. நம்ம மூளையும் நுரையீரல் மாதிரி ஒரு உறுப்புதான், அதுவும் இயற்கைத் தேர்வுல உருவானதுதான். அப்போ பயம், பொறாமை, காதல், பேராசைக்கெல்லாம் பின்னாடி நம்ம முன்னோர்கள் சந்திச்ச பிரச்சினைகள் இருக்கணும்ல? இதுதான் அடிப்படை யோசனை. கலிஃபோர்னியாவுல லீடா காஸ்மிடிஸும் ஜான் டூபியும் இதை ஒரு தனித் துறையா நிறுத்துனாங்க. அவங்க ஜெரோம் பார்கோவோட சேர்ந்து தொகுத்த 'தி அடாப்டெட் மைண்ட்' 1992-ல் வந்தது.

கேட்கும்போதே ஒரு சின்ன சோதனை செஞ்சு பாருங்க. மேஜையில நாலு அட்டை. ஒவ்வொண்ணுலயும் ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். உங்களுக்குத் தெரியுற பக்கங்கள்: ஆ, க, 4, 7. விதி இதுதான்: ஒரு பக்கம் உயிரெழுத்து இருந்தா, மறுபக்கம் இரட்டைப்படை எண் இருக்கணும். விதி மீறப்பட்டிருக்கான்னு கண்டுபிடிக்க எந்தெந்த அட்டையைத் திருப்பிப் பார்க்கணும்?

யோசிச்சீங்களா? நிறைய பேர் ஆ, 4 ரெண்டையும்னு சொல்வாங்க. அது தப்பு. திருப்ப வேண்டியது ஆ, 7. நாலைத் திருப்பி அங்க மெய்யெழுத்து இருந்தாலும் விதி உடையாது. ஏழுக்குப் பின்னாடி உயிரெழுத்து இருந்தாத்தான் உடையும்.

சரி, இன்னொண்ணு. நீங்க ஒரு பார்ல கண்காணிப்பாளர். விதி: பீர் குடிச்சா வயசு 21 ஆகியிருக்கணும். நாலு பேர் இருக்காங்க. ஒருத்தர் பீர் குடிக்கிறார், வயசு தெரியாது. ஒருத்தர் மோர் குடிக்கிறார், வயசு தெரியாது. ஒருத்தருக்கு வயசு 35, என்ன குடிக்கிறார்னு தெரியாது. ஒருத்தனுக்கு 16, அவன் என்ன குடிக்கிறான்னும் தெரியாது. யாரைப் பரிசோதிப்பீங்க? பீர்காரரையும், 16 வயசுப் பையனையும். ஒரு செகண்டு கூட ஆகலை, இல்லையா? கணக்கு ரெண்டுலயும் அச்சு அசல் ஒண்ணுதான்.

அட்டை வெச்சுக் கேக்குற முதல் சோதனையைப் பீட்டர் வேசன் 1966-லேயே உருவாக்கிட்டாரு. பீர் வடிவமும் 80-கள்ல வேற ஆட்கள் செஞ்சதுதான். காஸ்மிடிஸ் 1989-ல் கொடுத்தது விளக்கம். மனுஷ மூளை பொது தர்க்கத்துக்குத் தயாரானது இல்ல, சமூக ஒப்பந்தத்துல ஏமாத்துறவனைக் கண்டுபிடிக்கத் தயாரானது, அதுக்குன்னே தனியா ஒரு பகுதி மனசுக்குள்ள இருக்குன்னாங்க. அழகான விளக்கம். ஆனா 1995-ல் டான் ஸ்பெர்பரும் கூட வேலை செஞ்சவங்களும், ஏமாத்துக்காரனே இல்லாத கேள்வியைக்கூட வாக்கியத்தைச் சரியா அமைச்சுக் கேட்டா மக்கள் சரியா பதில் சொல்றாங்கன்னு காட்டினாங்க. அப்போ இது ஏமாத்துக்காரனைப் பிடிக்கிற கருவியா, இல்ல ஒரு வாக்கியத்துல எது முக்கியம்னு புரிஞ்சுக்குற சாதாரணத் திறமையா? சண்டை இன்னும் முடியலை.

இந்தப் படிப்போட சுவை இதுதான். அழகான ஒரு விளக்கம் கையில கிடைக்கும். அடுத்த வாரமே அதை எப்படி உடைக்கிறதுன்னு சொல்லித் தருவாங்க. எனக்கு முதல் ரெண்டு மாசம் எரிச்சலா இருந்தது.

மேட்ரிமோனி விளம்பரம் மாதிரி ஒரு ஆய்வும் உண்டு. 1989-ல் டேவிட் பஸ், 37 பண்பாடுகள்ல பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவங்ககிட்ட, துணையா வர்றவர்கிட்ட என்ன எதிர்பார்க்குறீங்கன்னு கேட்டார். சராசரியா ஆண்கள் இளமைக்கும் அழகுக்கும், பெண்கள் சம்பாதிக்கிற திறனுக்கும் எதிர்பாலினத்தை விடக் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுத்தாங்க. இதை மட்டும் எடுத்து ஆயிரம் ரீல்ஸ் வந்தாச்சு. ஆனா அதே ஆய்வுல ஆண், பெண் ரெண்டு பேருமே அழகுக்கும் வருமானத்துக்கும் மேல வெச்சது அன்பான குணத்தையும் புத்திசாலித்தனத்தையும். அதை யாரும் ரீல்ஸ் போடுறதில்ல. 1999-ல் ஆலிஸ் ஈக்லியும் வெண்டி வுட்டும் அதே தரவைத் திரும்ப அலசி, ஆண் பெண் சமத்துவம் கூடுதலா இருக்குற நாடுகள்ல சில வித்தியாசங்கள் சுருங்குதுன்னாங்க. 2020-ல் 45 நாடுகள்ல திரும்பச் செஞ்சப்போ அடிப்படை வித்தியாசம் மறுபடியும் தெரிஞ்சது. அது பிறப்பிலேயே வந்ததா, வாழ்ற சூழல் கொடுத்ததாங்கற கேள்விக்கு மட்டும் ஒரு வரியில பதில் கிடையாது.

முழுசா கவிழ்ந்த கருத்தும் உண்டு. பெண்களுக்கு மாதச் சுழற்சியோட ஹார்மோன் மாற, ஆண் முகம் பத்தின ரசனையும் மாறும்னு ஒரு காலத்துல பாடப்புத்தகமே சொன்னது. 2018-ல் 584 பெண்களைத் தொடர்ந்து, ஹார்மோனை நேரடியா அளந்து பார்த்த ஆய்வு, நம்பும்படியான ஆதாரம் இல்லைன்னு சொல்லிடுச்சு.

'ஆல்ஃபா' யாரு?

குட்டி நாய் கதையில 'நம்ம கதையா'ன்னு தோணுறது ஆபத்துன்னு சொன்னேன்ல, இதுக்குத்தான். இன்ஸ்டாவுல 'ஆல்ஃபா மேல்'னு சட்டை பட்டனைத் திறந்துவிட்டு பேசுறவங்களைப் பார்த்திருப்பீங்க. அந்த வார்த்தை பிரபலமானது ஓநாய் ஆராய்ச்சியில இருந்து. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல், அடைச்சு வெச்ச ஓநாய்களைப் பார்த்து எழுதினார். சொந்தமில்லாத ஓநாய்களை ஒரே இடத்துல போட்டா சண்டைதான் போடும். நம்ம ஹாஸ்டல் மாதிரி. அதை டேவிட் மெக் 1970-ல் தன்னோட ஓநாய் புத்தகத்துல எழுத, ஊரெல்லாம் பரவிடுச்சு.

அதே மெக் பிறகு காட்டுல, இயற்கையா வாழுற ஓநாய்களோட பல கோடைக்காலம் கழிச்சார். அங்க பார்த்தா ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் ஒரு அப்பா, ஒரு அம்மா, அவங்க பிள்ளைங்க. 'ஆல்ஃபா'ன்னு சொல்றதெல்லாம் வீட்டுப் பெரியவங்களைத்தான். 1999-ல் இதைக் கட்டுரையா எழுதினார். தன்னோட பழைய புத்தகத்தையே அச்சடிக்காதீங்கன்னு பதிப்பகத்துக்கிட்ட வருஷக்கணக்கா கேட்டு, 2022-லதான் அது நின்னது. தான் எழுதி நல்லா வித்துக்கிட்டு இருந்த புத்தகத்தை நிறுத்தச் சொல்லி ஒரு மனுஷன் போராடினாரு பாருங்க, அவர்கிட்ட எனக்கு அவ்வளவு மரியாதை.

ஒரு விலங்கைப் பார்த்துட்டு மனுஷனுக்கு அறிவுரை சொல்றது ரொம்ப சுலபம். ஸ்டீபன் ஜே கூல்டும் ரிச்சர்ட் லெவோன்டினும் 1979-லேயே இதை எச்சரிச்சுட்டாங்க. உடம்புல, குணத்துல இருக்குற ஒவ்வொண்ணுக்கும் 'இது இதுக்காகத்தான் உருவாச்சு'ன்னு கதை கட்டாதீங்க, சிலது வேற ஏதோ ஒண்ணோட பக்கவிளைவா இருக்கலாம்னாங்க. நல்ல ஒரு மாஸ்டர்ஸ் படிப்பு உங்களுக்குக் கதை கட்டச் சொல்லித் தராது, கட்டின கதையைச் சோதிக்கச் சொல்லித் தரும். சீட் கிடைச்ச பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்க. புள்ளியியலும் ஆய்வு முறையும் குறைந்தது ரெண்டு பேப்பர் இல்லைன்னா, யோசிங்க.

உண்மையில தினமும் என்ன செய்வீங்க?

பெரும்பாலும் ஒண்ணுமே நடக்காததைக் குறிச்சுக்கிட்டு இருப்பீங்க. நான் விளையாட்டுக்குச் சொல்லலை. விடியக்காலையில எழுந்து ஒரு குரங்கைத் தேடிக் கண்டுபிடிச்சா, அது தூங்கும். அதையும் எழுதணும். 

1974-ல் ஜீன் ஆல்ட்மன் ஒரு கட்டுரை எழுதினாங்க. கணிதம் படிச்சவங்க, கென்யாவுல பபூன் குரங்குகளைப் பல வருஷம் ஆராய்ஞ்சவங்க. அவங்க கேட்டது எளிமையான கேள்வி: சும்மா பார்த்து, கண்ணுல பட்டதை எழுதினா எது பதிவாகும்? சண்டை பதிவாகும், கலவி பதிவாகும். ஓரமா உட்கார்ந்து பேன் பார்க்குற வயசான பெண் குரங்கு பதிவாகாது. அதனால முதல்லயே ஒரு விலங்கைத் தேர்வு செஞ்சு, குறிப்பிட்ட நேரம் அதை மட்டும் பார்க்கணும். அது என்ன செஞ்சாலும், செய்யாட்டாலும் எழுதணும். இந்த ஒரு ஒழுங்குதான் பொழுதுபோக்கா பார்க்குறவரையும் ஆய்வாளரையும் பிரிக்குது. ஆப் கம்பெனியில இன்னைக்கு எனக்குச் சோறு போடுறதும் இதே ஒழுங்குதான். சத்தமா குறை சொல்ற பயனாளரை எல்லாரும் கவனிப்பாங்க. பேசாம ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போறவரை யார் கவனிக்கிறது?

அடுத்தது கணக்கு. பெசன்ட் நகர் பீச்சுல 5 நாயை 20 தடவை பார்த்துட்டு '100 நாயைப் பார்த்தேன்'னு சொல்ல முடியாது. கேட்க சுலபமா இருக்கு. ஆனா நான் எழுதின முதல் ப்ராஜெக்ட்ல இதே தப்பைச் செஞ்சேன், கைடு சிவப்பு மையில ஒரே ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். 'ஆர்'ங்கற இலவச மென்பொருள்ல புள்ளியியல் போடுறது, ரெண்டு பேர் ஒரே வீடியோவைத் தனித்தனியா பார்த்து ஒரே மாதிரி குறிக்கிறாங்களான்னு சரிபார்க்குறது, விலங்குகளுக்குத் தொந்தரவு இல்லாம ஆய்வு நடத்த அனுமதி வாங்குறது, இதெல்லாம்தான் அந்த ஒரு வருஷம்.

மதுரையில ஒரு குகை

'மருதமலையில இல்லாத குரங்கா'ன்னு அப்பா கேட்டதுக்கு இப்போ வர்றேன். இது பலருக்குத் தெரியாத கதை.

மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்துல விலங்கு நடத்தைக்குன்னே ஒரு துறை இருந்தது. எம்.கே. சந்திரசேகரன் அதைக் கட்டி வளர்த்தவர். உயிர்களோட உள்கடிகாரம்தான் அவரோட ஆராய்ச்சி. அவரும் ஜி. மாரிமுத்து, ஆர். சுப்பராஜ் ரெண்டு பேரும் சேர்ந்து வௌவால் குகையில செஞ்ச சோதனையை நினைச்சா எனக்கு இன்னும் சிலிர்க்கும். வெளிச்சமே வராத குகைக்குள்ள ஒரு வௌவாலைக் கூண்டுல வைக்கிறாங்க. அதுக்குப் பகல் தெரியாது, ராத்திரி தெரியாது. ஆனா சுத்தி மத்த வௌவால்கள் சுதந்திரமா இருக்கு, சாயங்காலம் வெளியில பறந்து விடியுறதுக்குள்ள திரும்புது. கூண்டு வௌவாலும் சரியா அதே நேரத்துக்குச் சுறுசுறுப்பாகுது. கூட்டமே இல்லாத இடத்துல வெச்சா, அதோட நாள் மெதுவா 24 மணி நேரத்துல இருந்து நழுவிப் போகுது. சூரியனைப் பார்க்காத வௌவாலுக்கு மத்த வௌவால்கள்தான் கடிகாரம். 1978-ல் வந்த ஆய்வு இது.

அப்புறம் மனுஷங்களுக்கே ஒரு இடம் கட்டினாங்க. வெளியுலகத் தடயமே இல்லாத பதுங்கறை. கடிகாரம் கிடையாது, சூரிய வெளிச்சம் கிடையாது. தன்னார்வலர்கள் உள்ள தங்கினாங்க. 1991-ல் வந்த ஒரு கட்டுரை, அதுக்குள்ள தனியா தங்கின ஒரு பெண்ணைப் பத்தினது. அவங்களோட தூக்கம்-விழிப்புச் சுழற்சி 24 மணி நேரத்தை விட்டு விலகிப்போச்சு. ஆனா மாதவிடாய்ச் சுழற்சி அதோட பிணைஞ்சு நகரலை. ஒரே உடம்புக்குள்ள ரெண்டு தனித்தனிக் கணக்கு. நைட் ஷிஃப்ட் பார்க்குற நம்ம ஐ.டி. மக்கள் இதை எப்பவாவது நினைச்சுப் பார்க்கணும்.

அப்போ அப்பா சொல்றது பாதி சரி. குரங்கும் வௌவாலும் நாயும் இங்க இருக்கு. அதைப் பார்க்கக் கத்துக்கவும் இங்க வழி இருக்கு. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசுக் கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் எம்.எஸ்சி. இருக்கு. பெங்களூர்ல தேசிய உயிரியல் அறிவியல் மையம் வனவிலங்கு உயிரியல் மாஸ்டர்ஸ் நடத்துது. சீட் குறைவு, போட்டி அதிகம். இந்திய அறிவியல் நிறுவனத்துல ராகவேந்திர கடக்கர் ஒரே ஒரு குளவி இனத்தை வெச்சுப் பல பத்து வருஷம் ஆராய்ச்சி செஞ்சிருக்கார். தெருநாய் ஆராயுற அனிந்திதா பத்ராவும் அவர்கிட்ட பி.எச்டி. படிச்சவர்தான். கேட் தேர்வுல 'சூழலியலும் பரிணாமமும்'னு தனித் தாளே இருக்கு. நெட் தேர்வுல ஜே.ஆர்.எஃப். கிடைச்சு பி.எச்டி. சேர்ந்தா, 2023-ல உயர்த்தின கணக்குப்படி மாசம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

மீதிப் பாதியில அப்பா தப்பு. மனுஷ மனசையும் விலங்கு மனசையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் படிக்கிற மாஸ்டர்ஸ் நம்ம ஊர்ல அரிது. ஸ்காட்லாந்துல செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் எடின்பரோ உயிரியல் பூங்காவுக்குள்ளேயே ஒரு ஆய்வு மையம் வெச்சிருக்கு. குரங்குங்க விருப்பப்பட்டா வந்து சோதனையில கலந்துக்கும், பார்வையாளர்கள் கண்ணாடி வழியா பார்க்கலாம். எக்ஸிடர்ல விலங்கு நடத்தைக்குன்னே மாஸ்டர்ஸ் இருக்கு. சைக்காலஜி படிச்ச ஒருத்தரை உயிரியல் பட்டம் இல்லைன்னு இங்க சில இடங்கள்ல வாசல்லயே நிறுத்திடுவாங்க. அங்க அந்தக் கதவு கொஞ்சம் அகலமா திறந்திருக்கு.

தங்கச்சிக்கு நேரடியா

இப்போ காசு விஷயம். சுத்தி வளைக்காம சொல்றேன்.

இந்தப் பட்டத்தை வெச்சு நீங்க கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆக முடியாது. இந்தியாவுல அதுக்கு ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரிச்ச படிப்பும் பதிவும் வேணும். வீட்டுல 'பொண்ணு சைக்காலஜி டாக்டர் ஆகப்போகுது'ன்னு யாராவது நினைச்சுக்கிட்டு இருந்தா, இன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரத்துலயே சொல்லிடுங்க. நான் சொல்லாம விட்டு, எங்க அம்மா ரெண்டு வருஷம் சொந்தக்காரங்ககிட்ட தப்பாவே சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

ஒரு வருஷ மாஸ்டர்ஸுங்கறது பெரும்பாலும் பி.எச்டி.க்கு ஒரு படிக்கட்டு. பி.எச்டி. செய்ய ஆசை இருந்தா, ஜெர்மனியையும் பாருங்க. அங்க பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள்ல கல்விக் கட்டணம் கிடையாது. மாக்ஸ் பிளாங்க் விலங்கு நடத்தை நிறுவனம் கான்ஸ்டன்ஸ்ல இருக்கு. வேடிக்கை என்னன்னா அந்த மாநிலம் மட்டும் நம்மளை மாதிரி வெளிநாட்டு மாணவர்கள்கிட்ட செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குது. அப்படியும் இங்கிலாந்துக் கட்டணத்தோட ஒப்பிட்டா அது சின்னத் தொகை.

படிச்சு முடிச்சு அங்கேயே வேலை தேடிக் கடன் அடைக்கலாம்னு கணக்குப் போட்டிருந்தா, அந்தக் கணக்கைத் திரும்பப் போடுங்க. இங்கிலாந்துல படிப்புக்குப் பிறகு தங்குற விசா காலத்தைக் குறைக்கப் போறதா அறிவிச்சுட்டாங்க. விலங்கு நடத்தைப் பட்டத்துக்கு அங்க வேலை கொட்டிக் கிடக்கலை. என் வகுப்புல படிச்சவங்க இன்னைக்கு உயிரியல் பூங்கா, பள்ளிக்கூடம், தரவு ஆய்வுன்னு பல திசையில இருக்காங்க. ஒருத்தர் பேக்கரி வெச்சிருக்கார், சந்தோஷமா இருக்கார்.

வேலையே இல்லைன்னும் சொல்ல மாட்டேன். வால்பாறையில இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை ஆய்வாளர்கள் யானைங்க எந்தப் பக்கம் நடமாடுதுன்னு பல வருஷம் பின்தொடர்ந்து படிச்சாங்க. அதை வெச்சு எஸ்.எம்.எஸ்.சும் சிவப்பு விளக்கும் மூலமா எஸ்டேட் மக்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை போகுற ஏற்பாட்டைச் செஞ்சாங்க. ராத்திரி பஸ்ஸை விட்டு இறங்கி இருட்டுல லயன் வீட்டுக்கு நடக்குறவங்களுக்கு அந்த விளக்கு எரியுதா இல்லையாங்கறது உயிர் விஷயம். யானை நடத்தையைப் படிச்சதால வந்த விளக்கு அது.

நீங்க கேட்டதால என் கருத்து: உதவித்தொகை இல்லாம, வீட்டுப் பத்திரத்தை வெச்சு இந்த வருஷம் போகாதீங்க. சேர்க்கையை ஒரு வருஷம் தள்ளிவைக்க முடியுமான்னு பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கேளுங்க, பல இடங்கள்ல ஒத்துக்குவாங்க. அந்த ஒரு வருஷத்துல ஏதாவது ஆய்வுக்குழுவுல களப்பணி உதவியாளரா சேருங்க. காட்டுக்குள்ள நாலு மாசம் அட்டைக்கடி வாங்கின பிறகும் ஆசை மிச்சம் இருந்தா, அந்த அனுபவத்தோட உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும்போது உங்க கடிதம் வேற மாதிரி இருக்கும். என் வகுப்புல ரெண்டு பேர் அப்படி வந்தவங்க. எங்க எல்லாரையும் விட அவங்க கேட்ட கேள்விங்க நல்லா இருந்தது. ஒருவேளை முழு உதவித்தொகை கிடைச்சா, இந்த எபிசோடை மறந்துட்டு விமானம் ஏறுங்க.

அதுக்கு முன்னாடி இந்த ஞாயித்துக்கிழமை ஒரு வேலை. அப்பாவையும் கூட்டிக்கிட்டு மருதமலை போங்க. பிஸ்கட் வேண்டாம், கிட்டப் போகவும் வேண்டாம். தள்ளி உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பேப்பர், ஒரு பேனா. ரெண்டு பேரும் ஒரே குரங்கைத் தேர்வு செஞ்சு, 10 நிமிஷம், 30 செகண்டுக்கு ஒருதடவை அது அந்த நொடியில என்ன செய்யுதுன்னு ஒரே ஒரு வார்த்தையில எழுதுங்க. மொத்தம் 20 வார்த்தை. பக்கத்துல பார்த்து எழுதக் கூடாது. முடிஞ்சதும் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வெச்சு, எத்தனை வார்த்தை ஒத்துப்போகுதுன்னு எண்ணிப் பாருங்க.

எண்ணிக்கை என்ன வந்ததுன்னு எனக்கு மெயில் போடுங்க. அப்பா எழுதின பேப்பரையும் போட்டோ எடுத்து அனுப்புங்க, முக்கியமா அதைத்தான் பார்க்கணும். அடுத்த வாரம் பார்ப்போம், வணக்கம்.